ஆசை போன பிறகு விட்டால் அது தவ்பா ஆகுமா?

 



போன வாரம் ஜும்ஆ முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு சகோதரர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். கொற்கைப் பக்கம் வாழை போட்டிருப்பவர். பல வருடங்களாகச் சர்க்கரை நோய். வீட்டுக்குத் தெரியாமல் குடிப்பழக்கமும் இருந்திருக்கிறது.

"ஹஜ்ரத், சுகருக்கும் வெயிட்டுக்கும் சேர்த்து வாரம் ஒரு ஊசி போடச் சொன்னாங்க. நாலு மாசம் ஆச்சு. பசி குறைஞ்சு போச்சு. அந்தக் கடைப் பக்கம் போகணும்னே தோண மாட்டேங்கு. ஆனா நான் அல்லாஹ்வுக்குப் பயந்து விடல, ஊசிதான் விட வச்சிருக்கு. இது தவ்பாவுல சேருமா?"

பெயர் சொல்லாமல் இதைப் பேசலாமா என்று அவரிடமே அனுமதி கேட்டேன். "பேசுங்க, எனக்கு மட்டும் உள்ள கேள்வி இல்ல" என்றார். உண்மைதான். நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. 2025 மார்ச்சில் மௌஞ்சாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. இந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளில் எழும்.

மருந்து என்ன செய்கிறது?

நாம் சாப்பிட்டதும் குடலில் ஒரு ஹார்மோன் சுரக்கிறது. 'போதும்' என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. இந்த மருந்துகள் அந்த ஹார்மோனைப் போலவே செயல்படுகின்றன. மூளையில் இன்பத்தையும் ஆசையையும் தூண்டும் பகுதிகளிலும் இவை வேலை செய்வதால் உணவின் மீதுள்ள ஆசையோடு மதுவின் மீதுள்ள ஆசையும் சிலருக்குக் குறைகிறது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் குடிப்பழக்கத்தால் பாதிக்கப்பட்ட 48 பேரிடம் ஒன்பது வாரம் நடந்த சோதனையின் முடிவு 2025இல் வெளியானது. செமாகுளூடைட் ஊசி போட்டுக் கொண்டவர்களுக்குக் குடிக்கும் ஏக்கம் குறைந்தது. குடித்த நாட்களில் குடித்த அளவும் குறைந்தது. ஆனால் குடித்த நாட்களின் எண்ணிக்கை, வெறும் ஊசி போட்டவர்களோடு ஒப்பிட்டால், குறையவில்லை. இந்தக் கடைசிச் செய்தியை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஆசையை மருந்தால் அடக்குவது குறையா?

திருமணத்துக்கு வசதி இல்லாத இளைஞர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் என்ன வழி காட்டினார்கள்? 'மனதை அடக்கிக் கொள்' என்று மட்டும் சொல்லி விட்டுவிடவில்லை. நோன்பு வைக்கச் சொன்னார்கள், அது இச்சையைத் தணிக்கும் என்றார்கள். உடல் வழியாக ஆசையைக் குறைப்பது மார்க்கம் காட்டிய வழிதான். நோய்க்கு மருந்து செய்யும்படியும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பனையேறிகளைப் பாருங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் அதே பாளையின் சாறு புளித்துக் கள்ளாகி விடும். புளிக்காமல் தடுப்பது சுண்ணாம்புதான். ஆனால் சுண்ணாம்பு தானாக மரம் ஏறுவதில்லை. தினமும் ஏறித் தடவுகிறவன் மனிதன்.

சகோதரரே, முதல் ஊசியைச் சர்க்கரைக்காகப் போட்டீர்கள். அடுத்த ஊசியை, 'யா அல்லாஹ், இதைக் கொண்டு என்னை ஹராமிலிருந்தும் காப்பாற்று' என்ற நிய்யத்தோடு போடுங்கள். நிய்யத்துக்கு ஏற்பத்தான் கூலி.

இமாம் கஸ்ஸாலி சொன்ன பதில்

இந்தக் கேள்வி ஊசியோடு வந்த புதுக் கேள்வி அல்ல. கி.பி. 1111இல் வஃபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், தவ்பா பற்றிய பகுதியில், இதை அலசியிருக்கிறார்கள். ஒருவன் இளமையில் ஒரு பாவம் செய்தான். பிறகு அதைச் செய்யும் சக்தியே உடலில் இல்லாமல் போய்விட்டது. அவன் தவ்பா செல்லுமா? செய்ய முடியாததை விடுவது மட்டும் தவ்பா ஆகாது என்கிறார்கள் இமாம். ஆனால், ஆசை திரும்பி வந்தாலும் அதை வென்றுவிடும் அளவுக்கு அவன் உள்ளம் வருத்தத்தால் எரியுமானால், அந்தப் பாவம் மன்னிக்கப்படும் என்று நம்பலாம் என்றும் சொல்கிறார்கள்.

ஆசையோடு போராடி விடுகிறவர் சிறந்தவரா, ஆசையே அற்றுப் போனவர் சிறந்தவரா என்ற கேள்வியும் அங்கே வருகிறது. ஆசை போனது ஈமானின் உறுதியாலா, வெறும் உடல் தளர்ச்சியாலா என்று பார்க்கச் சொல்கிறார்கள். வெறும் தளர்ச்சிதான் என்றால் போராடுகிறவரே மேலானவர். ஆகவே ஊசியும் இல்லாமல், வழியில் கடையைப் பார்த்தும் தலையைத் திருப்பிக் கொண்டு போகிறாரே, அவரைக் குறைத்து எண்ணாதீர்கள். ஊசியால் விட்டவரை ஏளனமும் செய்யாதீர்கள். குடித்தவரைச் சிலர் சபித்தபோது, உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள்.

மருந்தால் முடியாதது

அந்தச் சோதனைக்குத் திரும்புவோம். மருந்து அளவைக் குறைத்தது. மருத்துவருக்கு அது பெரிய முன்னேற்றம்தான். நமக்கோ, அதிகமாகக் குடித்தால் போதை தருவது எதுவோ, அதில் சிறிதளவும் ஹராம். ஐந்தை இரண்டாக ஆக்க ஊசி உதவலாம். இரண்டைப் பூஜ்யமாக்கும் அந்தக் கடைசி அடியை நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும். 'இப்போதுதான் ஆசை குறைந்துவிட்டதே, எப்போதாவது கொஞ்சம்' என்று நஃப்ஸ் சொல்லும். அந்தப் பேச்சுக்கு ஊசியில் மருந்து இல்லை.

இன்னொன்று. இந்த மருந்தை நிறுத்தினால் பசியும் எடையும் பெரும்பாலும் திரும்புகின்றன. மதுவின் ஆசையும் திரும்பலாம் என்று நினைத்துத் தயாராக இருப்பதே புத்தி. ஆசை அடங்கியிருக்கும் இந்தக் காலத்தில் நடந்ததற்கு வருந்துங்கள், திரும்ப மாட்டேன் என்று உறுதி எடுங்கள். கூட்டாளிகளை மாற்றுங்கள், பஜ்ரை ஜமாஅத்தோடு தொழுங்கள், மனைவியிடம் உண்மையைச் சொல்லுங்கள். குடியில் கரைந்த பணம் யாருக்குச் சேர வேண்டியதோ அவர்களிடம் கணக்கைத் தீருங்கள்.

ஓர் எச்சரிக்கை. குடியை நிறுத்துவதற்கென்று இந்த ஊசிக்கு அனுமதி இல்லை. மருத்துவரைக் கேட்காமல் யாரும் வாங்கிப் போட வேண்டாம். தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே மருத்துவமனைக்குப் போய்ச் சொல்லுங்கள். அங்கே சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

சகோதரர்களே! கொற்கை ஒரு காலத்தில் முத்துக் குளித்த துறைமுகம். கடல் பின்வாங்கியது, தாமிரபரணி மண் கொண்டு வந்து சேர்த்தது. கடலை யாரும் தள்ளிப் போகச் சொல்லவில்லை. ஆனால் அது விட்டுப் போன நிலத்தில் வாழையும் நெல்லும் தானாக விளையவில்லை. மனிதர்கள் வியர்வை சிந்தினார்கள். ஆசை விலகியது அல்லாஹ்வின் அருள். விலகிய இடத்தில் நீங்கள் என்ன நட்டீர்கள் என்பதே நாளை கேள்வி.

யா அல்லாஹ்! போராடுகிறவர்களுக்கு வலிமை கொடு. நிவாரணம் கண்டவர்களுக்கு நன்றியையும் உண்மையான வருத்தத்தையும் கொடு. எங்கள் பிள்ளைகளை இந்தத் தீமையின் பக்கம் நெருங்க விடாதே. ஆமீன்.