கரைக்குக் கீழே யார் தூங்குகிறார்கள்?



போன வருடம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. சொத்துச் சண்டை இல்லை. ஒரு மீன் குளத்தைப் பற்றிய சண்டை.

பேராக்கில், நாங்கள் முன்பு குடியிருந்த தோட்டத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. மேட்டு நிலம். முப்பது வருடத்துக்கு முன் அங்கே ஓர் ஓடையை மறித்து, மண்கரை போட்டுக் குளம் கட்டினார். திலாப்பியா வளர்த்தார். அந்தக் காசில்தான் நானும் தங்கச்சியும் படித்தோம். அன்று கரைக்குக் கீழே செம்பனை மட்டும்தான். இன்று செம்பனை போய், ஒரு தாமான் வந்துவிட்டது. வரிசை வரிசையாக வீடுகள்.

"அப்பா, யாராவது இஞ்சினியரைக் கூட்டிட்டு வந்து கரையைக் காட்டிடலாம்பா" என்றேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"குளம் முதல்ல வந்துச்சா, வீடு முதல்ல வந்துச்சா? எனக்குப் பின்னாடி வந்தவங்களுக்காக நான் ஏன்டா செலவு பண்ணணும்? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால், உண்மையிலேயே அப்பா எந்தத் தப்பும் செய்யவில்லை. தப்பே செய்யாத ஒருவர்மேல் புதிதாக ஒரு பொறுப்பு வந்து ஏறுமா? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அமெரிக்காவில் அணைகளைத் தரம் பிரிக்கும் முறையைப் படித்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. அந்நாட்டின் தேசிய அணைப் பட்டியலில் 90,000-க்கும் மேற்பட்ட அணைகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் தனியாருடையவை. பெரும்பாலானவை மண் அணைகள். ஒவ்வோர் அணைக்கும் ஓர் ஆபத்துத் தரம் உண்டு: குறைவு, குறிப்பிடத்தக்கது, உயர்வு. "உயர் ஆபத்து" என்று பார்த்ததும், உடையப்போகிற அணை என்றுதான் நான் நினைத்தேன். அது தவறு. இந்தத் தரம் அணை எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அணை உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பதைத்தான் சொல்கிறது. மனித உயிர் போக வாய்ப்பு இருந்தால், கரை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அது "உயர் ஆபத்து" அணைதான். கரையின் நிலைமைக்குத் தனியாக இன்னொரு தரம் இருக்கிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அணையில் ஒரு பிடி மண்கூட மாறாமல் அதன் ஆபத்துத் தரம் ஏறலாம். கீழே வீடுகள் வந்தால் போதும். நேற்று வரை "குறைவு", இன்று "உயர்வு". உரிமையாளருக்கு ஆய்வு கூடும், செலவு கூடும், அவசரகாலத் திட்டம் வேண்டும். எங்கள் குளம் அந்த அணைகளுக்கு முன்னால் ஒரு குட்டைதான். ஆனால் அப்பாவின் கேள்வி அப்படியே அங்கேயும் இருக்கிறது.

அப்பா பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. வீடு கட்டி விற்றவருக்கு இலாபம். கட்ட அனுமதி கொடுத்தது வேறு ஆள். செலவு மட்டும் மேலே இருக்கிற கிழவருக்கா? இது கேட்க வேண்டிய கேள்விதான். நானும் கேட்கிறேன்.

ஆனால், அந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை தண்ணீர் காத்திருக்குமா?

ஹவாயின் காவாய் தீவில் கா லோகோ என்று ஒரு மண் அணை. 1890-இல் கரும்புத் தோட்டப் பாசனத்துக்காகக் கட்டியது. பிறகு தனியார் நிலத்தில் ஓர் ஏரிபோல் கிடந்தது. அதற்கு அரசு கொடுத்திருந்த ஆபத்துத் தரம் "குறைவு". 2006 மார்ச் 14 விடியற்காலை, பல வாரம் பெய்த மழைக்குப் பிறகு, கரை உடைந்தது. கீழே இருந்த ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கர்ப்பிணிப் பெண்.

நிரம்பிய நீர் வழிந்து வெளியேற மண் அணைக்குத் தனியாக ஒரு வழி வேண்டும். அந்த வழி இல்லாவிட்டால் நீர் கரையின் தலைமேல் ஏறி வழியும். வழியும் நீர் மண்ணை அரித்துக்கொண்டே போகும். கா லோகோவில் அந்த வழி மண் கொட்டி மூடப்பட்டிருக்க வேண்டும் என்றே பின்னால் நடந்த விசாரணை சொன்னது. அரசுத் தரப்பும் அந்தக் கரையை நேரில் போய் ஆய்வு செய்திருக்கவில்லை. வழக்குகள் நடந்தன. உரிமையாளருக்கு 2014-இல் ஏழு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. போன ஏழு பேர் திரும்பவில்லை.

காகிதத்தில் "குறைவு" என்று எழுதியிருந்ததால் யாரும் கீழே எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் உறைத்தது. எங்கள் குளத்துக்கும் அப்பா மனசுக்குள் ஒரு தரம் போட்டு வைத்திருக்கிறார், முப்பது வருடத்துக்கு முன் போட்டது: "கீழே செம்பனைதானே."

நம் நாட்டுச் சட்டத்துக்குள் வந்து சேர்ந்த ஒரு பழைய ஆங்கில வழக்கையும் சொல்ல வேண்டும். ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர். லங்காஷயரில் ஓர் ஆலைக்காரர் தன் நிலத்தில் நீர்த்தேக்கம் கட்டச் சொன்னார். 1860-இல் அந்த நீர் பழைய சுரங்கக் குழிகள் வழியாக இறங்கிப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ஆலைக்காரர் நேரடியாக எந்தக் கவனக்குறைவும் செய்யவில்லை. ஆனாலும் நட்டத்துக்கு அவரே பொறுப்பு என்று 1868-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. தன் பயனுக்காக ஓர் ஆபத்தைக் கொண்டுவந்து தேக்கி வைத்தவர், அது தப்பி ஓடினால் "என் தப்பு இல்லை" என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். குற்றம் வேறு, பொறுப்பு வேறு. நடந்து முடிந்ததைப் பார்த்து, யார் செய்தது என்று தேடுவது குற்றம். இனி நடக்கக்கூடியதைப் பார்த்து, யாரால் தடுக்க முடியும் என்று கேட்பது பொறுப்பு. கீழே தூங்குகிற பிள்ளைக்கு மேலே குளம் இருப்பதே தெரியாது. கரையில் செடி முளைத்திருப்பதும், எலி வளை தோண்டியிருப்பதும், அடியில் கசிகிற நீர் கலங்கலாக வருவதும் கரைமேல் நடக்கிறவர் கண்ணுக்குத்தான் தெரியும். தெரிகிறவர் பார்க்க வேண்டும். செலவை யார் யார் பகிர்வது என்று அதற்குப் பிறகு பேசலாம், பேசத்தான் வேண்டும். ஆனால் பார்ப்பதைத் தள்ளிப்போடக்கூடாது.

இளைஞர் இயக்கத்தில் இருக்கிற நமக்கும் இது பொருந்தும். நம்மைப் பற்றிக் கேட்டால் உடனே நிலைமைத் தரத்தைத்தான் சொல்கிறோம்: "நான் நல்லவன், யாருக்கும் கெடுதல் செய்ததில்லை." இரண்டாவது தரத்தைக் கேட்பதே இல்லை: நான் சறுக்கினால் யார்மேல் விழுவேன்? பதினெட்டு வயதில் நண்பர்களோடு மோட்டாரில் வேகமாகப் போனாய். இன்றும் அதே வேகம்தான். ஆனால் இன்று உன்னை "அண்ணே" என்று கூப்பிடுகிற பத்துத் தம்பிகள் பின்னால் வருகிறார்கள். நீ மாறவில்லை; கீழே ஆள் வந்துவிட்டார்கள். "என் பின்னாடி வாங்கன்னு நானா கூப்பிட்டேன்?" என்று கேட்கலாம்தான். ஆனால் அது என் அப்பா கேட்ட அதே கேள்வி.

சரி, குளம் என்ன ஆனது?

அப்பா என் வாதத்தில் மசியவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவரைத் தாமான் பக்கமாக நடக்கக் கூட்டிப்போனேன். நான் ஒன்றும் பேசவில்லை. ஒரு வீட்டு வாசலில் சின்னப் பையன் ஒருவன் சைக்கிள் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தான். அப்பா நின்று அவனைப் பார்த்தார். பிறகு திரும்பி மேலே எங்கள் கரையைப் பார்த்தார். கீழே இருந்து அவர் அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இங்கேருந்து பாத்தா ரொம்ப உயரமாத் தெரியுதேடா" என்றார்.

வருடக் கடைசி மழைக்கு முன் தண்ணீரை இரண்டடி இறக்கினோம். வழிந்தோடும் வாய்க்காலைத் தூர்வாரினோம். இஞ்சினியர் வந்து பார்த்தார். செய்யச் சொன்ன வேலைகளில் பாதி முடிந்தது, பாதி பாக்கி. காசு யார் கொடுப்பது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் மழை பெய்த மறுநாள் காலையில் யாரும் சொல்லாமலே அப்பா டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விடுகிறார்.