யாருக்குக் கைதட்டுவது?

2025 அக்டோபர் 14. கோவாவில் இந்தியா, சிங்கப்பூர் கால்பந்து ஆட்டம். தேக்கா டீக்கடையில் என் போனில் பார்த்துக்கிட்டிருந்தேன். பக்கத்தில், தஞ்சாவூரிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்த ஒரு அண்ணன். சாங்தே முதல் கோல் போட்டதும் அவர் குதித்தார். பிறகு சோங் உய்யோங் 2 கோல் அடித்து ஆட்டத்தையே திருப்பிட்டார், 2-1. நான் கத்தின கத்தலில் அண்ணன் முகம் வாடிப்போச்சு.

அம்மா இன்னமும் 'நம்ம ஊர்' என்பது தமிழ்நாட்டைத்தான். அப்போ நான் கைதட்டியது நன்றி கெட்டதனமா? எனக்கு அப்படித் தோணல, நான் பிறந்து வளர்ந்தது இங்கே. உறுத்தினது வேற. கொரியாவில் பிறந்து, 2021-ல் குடியுரிமை வாங்கிய சோங்கை 'நம்ம ஆளு' என்கிறேன். நாம குடியிருக்கிற வீவக வீடுகளைக் கட்டுறவரை அப்படி ஒருநாளும் சொன்னதில்லையே!

டீக்குக் காசு கொடுக்கப் போனேன். அண்ணன் விடல.