திரும்பி வரும் உடம்பு

மாப்பிள்ளையூரணியிலிருந்து தருவைகுளம் போகும் சாலையில் மேடு கிடையாது, எதிர்க்காற்றுதான் ஏற்றம். இருபது வருடம் கழித்து சைக்கிள் மிதிக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு உப்பளம் தாண்டுமுன்பே மூச்சு வாங்கும். விட்டுப்போன உடம்பு திரும்பக் கிடைக்குமா?

உடம்பை இழுக்கென்று எண்ணியிருந்த திருமூலர், உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணினார் என்கிறது திருமந்திரம். அந்தப் பார்வையில் பயிற்சியும் ஒரு கோயில் திருப்பணிதான்.

விட்டுப்போன உடம்பு திரும்பும் என்பதற்குச் சாட்சியும் உண்டு. பிரான்சின் ராபர்ட் மார்ஷான் நெடுங்கால இடைவெளிக்குப்பின், அறுபது தாண்டித்தான் மறுபடி சைக்கிளேறினார். 2012இல், நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கி.மீ. ஓட்டினார், 2014இல் 26.92 கி.மீ. இடைப்பட்ட பயிற்சியில் பெரும்பகுதி நிதானமான மிதி. உடல் ஆக்சிஜனை ஏற்கும் திறன் 13 சதவீதம் கூடியிருந்தது.

இதயத்தைப் பரிசோதித்துவிட்டு, பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகத்தில் தொடங்குங்கள்.