காகம் என்னும் ஆசான்

தம்பி ஹாபிலைக் கொன்ற காபிலுக்கு, அவ்வுடலை மறைக்கும் முறையைக் காட்ட அல்லாஹ் அனுப்பியது காகத்தை; மனிதனை ஒத்த குரங்கையன்று. மாயிதா அத்தியாயத்தின் இந்த ஆயத்தை விளக்கும்போதெல்லாம், கொலையாளிக்கு நேர்ந்த இழிவு இதுவென்றே கூறிவந்தேன். இன்று அவ்விளக்கம் நாவில் தடுக்குகிறது.

1960இல் சிம்பன்சி புல்தண்டால் கறையான் பிடிப்பதை ஜேன் குடால் கண்டபோது உலகம் வியந்தது. உருவத்தில் நம்மை ஒத்ததன்றோ! 2002இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆய்வொன்றில், பெட்டி என்னும் நியூ கலிடோனியக் காகம் நேரான கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி, குழாயினுள் உணவிருந்த சிறு வாளியைத் தூக்கியெடுத்தது. அக்ரோட் அளவேயான மக்கா கிளியின் மூளையில், எலுமிச்சையளவு மூளையுள்ள மக்காக் குரங்கினும் மிகுதியான முன்மூளை நரம்பணுக்கள் உள்ளன என்பது 2016இல் தெரியவந்தது.

காபிலேனும் காகத்தைக் கண்டு தன் இயலாமையை நொந்துகொண்டான். நானோ அதனை இழிந்ததென்று பிள்ளைகளுக்கு இத்தனை ஆண்டு கற்பித்திருக்கிறேன்.