சாட்சியும் குருதியும்

1783-ஆம் வருஷம் ஜூன் 17-ஆம் தேதி பின்னிரவு மூன்று மணியளவில், லண்டனில் தம் இல்லத்தில் தலைக்குள் ஏதோ கலங்கியதுபோல் உணர்ந்து விழித்த அகராதிப் பேரறிஞர் சாமுவேல் ஜான்சன், தேகத்தை எவ்வளவு வருத்தினாலும் புத்தியை மாத்திரம் பறித்துவிட வேண்டாமென்று ஆண்டவனைப் பிரார்த்தித்து, அப்புத்தி பழுதுபடாமல் இருக்கிறதா என்று சோதிக்க அந்தப் பிரார்த்தனையையே லத்தீன் செய்யுளாக்கிப் பார்த்தார். செய்யுள் அவ்வளவாகச் சோபிக்கவில்லை. ஆனால் சோபிக்கவில்லை என்பது அவருக்கே தெரிந்தது! பேச்சு நின்றுபோனதைப் பிறகே அறிந்தார். அண்டை வீட்டாருக்குச் சீட்டெழுத முயன்றபோதோ, நினைத்த எழுத்தை விட்டு வேறெழுத்தைக் கை போட்டது.

அவரைத் தாக்கியது பக்கவாதம்; மூளைக்குச் செல்லும் குருதி தடைபடுவதாலோ கசிவதாலோ நேர்வது அது. கழுத்தின் வழியே மேலேறும் நான்கு தமனிகள் மூளையின் அடியில் கூடி வளையமாவதை, தாமஸ் வில்லிஸ் 1664-இலேயே தெளிவாக விவரித்திருந்தார். ஒரு தமனி அடைபட்டாலும் மற்றவை ஓரளவு ஈடுசெய்ய உதவும் அவ்வளையத்துக்கு அப்பால் பிரிந்து செல்லும் கிளையில் இரத்தக்கட்டி அடைத்துக்கொண்டாலோ, நாளம் வெடித்துக் குருதி கசிந்தாலோ, அக்கிளை ஊட்டும் மூளைப்பகுதி சில நிமிஷங்களிலேயே நசிக்கத் தொடங்கும். உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கேயான மூளை, பிராணவாயுவில் சுமார் 20 பங்கைச் செலவிட்டும், நாளைக்கென்று எதையும் சேர்த்து வைப்பதில்லை.

தன் கவிதையின் குறையைக் கண்ட ஜான்சனின் அந்த அறிவே கருவிகளுக்கு அப்பாற்பட்ட சாட்சி என்று வேதாந்தி மகிழக்கூடும். அந்த மகிழ்ச்சி அவசரமானது. 1914-இல் பாரிஸில் ழோசப் பாபின்ஸ்கி விவரித்த, இடப்பக்கம் செயலற்ற நோயாளி ஒருத்தி, கையை அசைக்கச் சொன்னபோது அசைத்தாயிற்று என்றாள். அங்கே சாட்சியே பொய்ச்சாட்சி சொல்கிறது. பழுதுபட்டது மனம், புத்தி முதலான அந்தக்கரணமே, சாட்சியன்று என்று சமாதானம் கூறலாம். எந்தச் சோதனையாலும் அசைக்க முடியாத அச்சமாதானம், அதனாலேயே எதையும் விளக்குவதுமில்லை.

உயிர் சார்ந்ததன் வண்ணமாவது, அறிவித்தால் அறிவது என்னும் சைவ சித்தாந்தமே எனக்கு இவ்விஷயத்தில் நேர்மையானதாகப் படுகிறது. புத்தியைத் தம் சொத்தாகக் கருதாமல் யாசித்துப் பெற நினைத்த ஜான்சனும், அறியாமலே அச்சித்தாந்தத்தின் பக்கத்தில் நின்றவர்தாம். ஆயினும், ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு உடல், மனம் முதலான மாயையின் கருவிகள் விளக்காகின்றன என்னும் சித்தாந்தியை ஒன்று கேட்கத் தோன்றுகிறது: விளக்கு அணைந்தால் இருளல்லவா சூழ வேண்டும்? பாரிஸ் நோயாளியின் உள்ளத்தில், நடவாத கையசைவு நடந்ததாகத் துலங்கியது எந்த வெளிச்சத்தில்?