சொந்தச் சாதனை யாருடைய சொத்து?



இங்கிலாந்தின் வட பாகத்தில் டைன் என்றொரு நதி ஓடுகிறது. அதன் கரையிலுள்ள நியூகாசில் நகரத்தில் செப்டம்பர் மாதந்தோறும் ஓர் ஓட்டப் பந்தயம் நடப்பது வழக்கம். ‘கிரேட் நார்த் ரன்’ என்பது அதன் பெயர். ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற பிரெண்டன் பாஸ்டர் என்ற ஓட்ட வீரர் 1981-ம் ஆண்டில் அதைத் தொடங்கி வைத்தார். முதலாண்டில் ஏறத்தாழ 12,000 பேர் ஓடினார்கள். 2014-ல் அதை ஓடி முடித்தோர் தொகை பத்து லட்சத்தை எட்டியது.

இது அரை மாரத்தான் ஓட்டம். தூரம் 21.0975 கிலோமீட்டர், மைல் கணக்கில் பதின்மூன்று மைலும் சுமார் 192 கஜமும். ஏன் இப்படி ஒரு கோணல் கணக்கு என்று கேட்பீர்கள். 1908-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டத்தை விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தாரின் ஆசனத்துக்கு எதிரே முடித்தார்கள். அந்த வழி 26 மைல் 385 கஜம் இருந்தது. 1921-ல் அதுவே எல்லோருக்கும் உரிய தூரமென்று விதிக்கப்பட்டது. அதில் சரிபாதி அரை மாரத்தான்.

நியூகாசிலில் புறப்படுபவர்கள் டைன் நதிப் பாலத்தைக் கடந்து, கேட்ஸ்ஹெட் ஊர் வழியாகக் கிழக்கே ஓடி, சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரையில் முடிக்கிறார்கள். பாதையில் ஏற்ற இறக்கங்கள் பல. பத்து மைல் ஓடிக் கால்கள் ஓய்ந்த பிறகு ஒரு நீண்ட மேடு வருகிறது. அது செங்குத்தான மேடன்று. ஆனால் முடியாதது போல் நீண்டு கொண்டே போகும். அதன் பின் கடலை நோக்கிச் சட்டென்று ஒரு சரிவு. கடைசி மைல் கடலோரத்து நேர் சாலை. முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிந்தும் கிட்டே வராது.

இந்தப் பந்தயத்தில் ஓடும் ஒருவரை மனத்தில் நினைத்துப் பாருங்கள். வயது நாற்பத்தாறு. பிள்ளை குட்டிக்காரர். பகலெல்லாம் தொழிற்சாலை வேலை. சென்ற முறை 2 மணி 4 நிமிடத்தில் ஓடினார். இம்முறை 1 மணி 58 நிமிடத்தில் முடித்து விட்டார். அவருக்கு முன்னே பல்லாயிரம் பேர் போய்ச் சேர்ந்து விட்டனர். முதலாவதாக வந்தவர் குளித்து, உடை மாற்றி, தேநீரும் அருந்தியிருப்பார். ஆயினும் நம் மனிதர் முடிவுக் கோட்டில் நின்று ஆனந்தக் கண்ணீர் விடுகிறார். ஏன்? தம் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த நேரத்தை அவர் இன்று ஓடியிருக்கிறார். இதைத்தான் ‘சொந்தச் சாதனை’ என்கிறார்கள்.

பல்லாயிரம் பேரிடம் தோற்றவன் ஆனந்தப்படலாமா? அந்த ஆனந்தம் நல்லதா, அல்லது தற்பெருமையின் ஒரு சாயலா? இன்று நாம் சிந்திக்க வேண்டிய விஷயம் இதுதான்.

பூர்வீகக் கிரேக்கருக்கு இப்படி ஓர் ஆனந்தம் தெரியாது. ஒலிம்பியாவில் முதல்வனுக்கு மட்டுமே ஒலிவ இலைக் கிரீடம். இரண்டாமவனுக்கும் மூன்றாமவனுக்கும் ஒன்றுமில்லை. ஓட்டத்தின் வேகத்தை நிமிடம், வினாடி என்று அளக்கும் கடிகாரமும் அவர்களிடம் இருக்கவில்லை. ஆகையால் ‘நேற்றைவிட இன்று நன்றாக ஓடினேன்’ என்று ஒருவன் நிரூபிக்க வழியில்லை. ‘அவனை முந்தினேன்’ என்று மட்டுமே சொல்ல முடிந்தது. அர்ச். சின்னப்பர் கொரிந்து நகரத்தாருக்கு எழுதியபோது ஓட்டப் பந்தயத்தை உவமையாக எடுத்தாண்டது உங்களுக்குத் தெரியும். அந்நகரத்தின் அருகிலேயே இஸ்துமியப் பந்தயங்கள் நடந்து வந்தன. ஒருவனுக்கு மட்டுமே கிரீடம் என்பதும், அந்தக் கிரீடமும் சில நாளில் வாடிப்போகும் இலை தழை என்பதும் அவர் வாசகர்கள் கண்ணாரக் கண்ட சங்கதிகள்.

கடிகாரம் வந்த பிறகே மனிதனுக்கு வேறொரு வகை வெற்றி கிடைத்தது. நம் நாற்பத்தாறு வயது மனிதர் வென்றார். ஆனால் அவரால் தோற்றவர் எவருமில்லை. அவர் சந்தோஷத்துக்காக வேறொருவர் துக்கப்பட வேண்டியதில்லை. பக்கத்தில் ஓடிய கிழவருக்கும் அதே நாளில் அதே வெற்றி கிடைக்கலாம். ஆயிரம் பேருக்கும் கிடைக்கலாம். ஒருவன் எடுத்துக்கொள்வதால் மற்றவனுக்குக் குறையாத நன்மை உலகில் அரிது. பொறாமைக்கு இடமில்லாத சந்தோஷம் என்ற அளவில் இது நல்ல சந்தோஷமே. இதைக் குறை கூற எனக்கு மனமில்லை.

நிற்க. நல்ல பண்டத்திலும் புழு விழும். இதிலே விழக்கூடிய புழுக்கள் மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, எண்ணையே தெய்வமாக்குவது. 1 மணி 58 நிமிடம் என்பது ஓர் எண். அந்த எண் உண்மையில் எதைச் சொல்கிறது? அன்று வெயில் குறைந்திருந்ததா, காற்று முதுகுப் பக்கம் வீசியதா, பாதை மேடா பள்ளமா என்பதை அது சொல்லாது. இதனால்தான் உலகச் சாதனைகளுக்குக் கடுமையான விதிகள் வைத்திருக்கிறார்கள். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் பாதை சரிந்திருக்கக் கூடாது; தொடக்கமும் முடிவும் பந்தய தூரத்தில் பாதிக்கு மேல் விலகியிருக்கக் கூடாது. கிரேட் நார்த் ரன் ஓரிடத்தில் தொடங்கித் தொலைவில் வேறோரிடத்தில் முடிவதால், அதில் எவ்வளவு விரைவாக ஓடினாலும் அது உலகச் சாதனையாக ஏற்கப்படாது.

இன்னொன்று கேளுங்கள். 2020 டிசம்பரில் ஸ்பெயின் தேசத்து வலென்சியா நகரில் நடந்த அரை மாரத்தானில் கென்யாவின் கிபிவோட் காண்டி 57 நிமிடம் 32 வினாடியில் முதலாவதாக வந்தார். உகாண்டாவின் ஜேக்கப் கிப்லிமோ 57 நிமிடம் 37 வினாடியில் இரண்டாவதாக வந்தார். அதுவரை இருந்த உலகச் சாதனை 58 நிமிடம் 1 வினாடி. அதாவது, அந்த நாள் வரை உலகில் எந்த மனிதனும் ஓடாத வேகத்தில் ஓடியும் கிப்லிமோ தோற்றுப் போனார்! மறு வருஷம் லிஸ்பன் நகரில் அவர் 57 நிமிடம் 31 வினாடியில் ஓடி, ஒரே ஒரு வினாடியால் சாதனையைத் தமதாக்கினார். 2024-ல் எத்தியோப்பியாவின் யோமிஃப் கெஜெல்சா அதையும் ஒரு வினாடி குறைத்தார். எண் எத்தனை நாள் நிற்கிறது பார்த்தீர்களா? இலைக் கிரீடம் மட்டுமா வாடுகிறது? எண்ணால் ஆன கிரீடமும் வாடத்தான் செய்கிறது.

இரண்டாவது புழு, பொய். தன்னோடு தானே போட்டியிடுகிறவன் ஏன் பொய் சொல்லப் போகிறான் என்று நினைக்கலாம். ஆனால் மனித சுபாவம் விசித்திரமானது. 1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் மாரத்தானில் பிரெட் லார்ஸ் என்பவர் சுமார் ஒன்பது மைலில் களைத்து நின்றார். பிறகு ஒரு மோட்டார் காரில் ஏறிப் பதினோரு மைல் போனார். அதன் பின் இறங்கி ஓடி அரங்கத்தினுள் நுழைந்தபோது ஜனங்கள் அவரையே வெற்றி வீரரென்று ஆரவாரித்தார்கள். உண்மை உடனே வெளிப்பட்டது. அவமானமும் தடையும் வந்து சேர்ந்தன. விளையாட்டாகச் செய்தேன் என்று அவர் சமாதானம் சொன்னார். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. தடை நீங்கிய பிறகு, அடுத்த ஆண்டாகிய 1905-ல், பாஸ்டன் மாரத்தானில் தம் சொந்தக் கால்களால் முழு தூரமும் ஓடி முதலாவதாக வந்தார். காரில் வந்த நாளில் கேட்ட கைதட்டலும் ஓடி வந்த நாளில் கேட்ட கைதட்டலும் காதுக்கு ஒரே மாதிரி இருந்திருக்கும். மனச்சாட்சிக்கு ஒரே மாதிரி இருந்திருக்குமா?

அவரைப் பழிக்க இதை எழுதவில்லை. பார்க்கப் போனால் அவர் நமக்கு நல்ல பாடமே. தவறியவன் மீண்டும் புறப்பட்ட இடத்திலிருந்து ஓடலாம் என்பதற்கு அவர் சாட்சி. ஆனால் நாம் ஒவ்வொருவரும் ஏதாவதொரு காரில் ஏறிச் சிறிது தூரம் போகிறவர்களே. பிறர் செய்த வேலைக்கு நாம் வாங்கிக்கொள்ளும் பாராட்டு அப்படிப்பட்ட ஒரு கார். ‘நானே உழைத்து முன்னுக்கு வந்தேன்’ என்ற பேச்சு அதைவிடப் பெரிய கார்.

இங்கேதான் மூன்றாவது புழு இருக்கிறது. அதுவே மிகவும் நுட்பமானது. ‘சொந்தச் சாதனை’ என்கிறோமே, அந்தச் ‘சொந்தம்’ என்ற சொல்லைச் சற்றே பிரித்துப் பார்ப்போம்.

மேடு நிறைந்த பாதையில் இரண்டு மணி நேரத்துக்குள் ஓடும் பலம் ஒரே நாளில் வருவதில்லை. பரீட்சைக்கு முதல் நாள் இரவு கண் விழித்துப் படிப்பது போல இதைப் படித்துவிட முடியாது. மாதக் கணக்கில் ஓடினால்தான் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. தசைகளினூடே நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. அதுவும் ஓடும்போது அன்று, ஓடிய பின் உண்டு உறங்கும்போதுதான் உடல் தன்னைப் பலப்படுத்திக் கொள்கிறது. தசைகளிலும் ஈரலிலும் சேமித்த சர்க்கரைச் சத்து அளவுள்ளது. தொடக்கத்தில் மற்றவர்களைப் பார்த்து ஆவேசமாக ஓடியவன் அதைச் சீக்கிரமே செலவழித்து விட்டு, பத்தாவது மைலுக்குப் பின் வரும் மேட்டில் நடக்கத் தொடங்குவான். முதல் மைல்களில் தன்னை அடக்கிக் கொண்டவனுக்கே கடைசி மேட்டில் கொடுக்க ஏதாவது மிச்சமிருக்கும்.

ஆகவே அந்த 1 மணி 58 நிமிடத்தை ஓடியது யார்? இன்றைய மனிதன் மட்டுமா? குளிர்காலத்து விடியற்காலை இருட்டில், படுக்கையை விட்டு எழுந்து, யாரும் பார்க்காத தெருவில் ஓடினானே, அந்த நேற்றைய மனிதன் ஓடவில்லையா? ‘என்னை நானே வென்றேன்’ என்று சொல்வது வழக்கம். எனக்கு அந்தப் பேச்சு சரியாகப் படவில்லை. நேற்றைய நான் எனக்கு எதிரியல்ல. எனக்காக உழைத்துவிட்டுப் பதக்கம் வாங்காமல் போன தோழன். தோற்றது அவனல்ல, ‘இன்று வேண்டாம், நாளை பார்க்கலாம்’ என்ற அவனுடைய சாக்குப் போக்குதான்.

இன்னும் பாருங்கள். அவன் ஓடப் போன காலை நேரத்தில் பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தம் செய்தது யார்? ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மைல் ஓடி வந்து அவன் கால் நீட்டிப் படுத்தபோது, ‘அப்பா களைத்திருக்கிறார், சத்தம் போடாதீர்கள்’ என்று குழந்தைகளை வெளியே அழைத்துப் போனது யார்? அவளும் பகலெல்லாம் உழைத்தவள்தானே? அவளுக்கு ஓர் ஓட்டம் உண்டா? அதற்குப் பதக்கம் உண்டா? அவள் ஏறிய மேட்டுக்கு யார் கடிகாரம் பிடித்தார்கள்?

வாசகரே, இதை வாசிக்கும்போது அரை மாரத்தானை மட்டும் நினைக்காதீர்கள். உங்கள் வீட்டில் ஒருவருடைய பரீட்சை, ஒருவருடைய உத்தியோக உயர்வு, ஒருவருடைய கச்சேரி, ஒருவருடைய வியாபாரம் என்று எத்தனையோ சொந்தச் சாதனைகள் இருக்கும். அவற்றுக்காக மற்றவர்கள் விட்டுக் கொடுத்த உறக்கமும் ஓய்வும் ஆசைகளும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாமல் போயிருக்கும். சாதனை செய்தவன் அதைச் செய்யாதிருக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். ஓடத் தெரிந்தவன் ஓடட்டும், நன்றாகவே ஓடட்டும். ஆனால் கடன் வாங்கியவன் கடனை மறந்தால் அதற்கு என்ன பெயர் சொல்வோம்?

கடைசியாக ஒரு சங்கதி. ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் ஒரு நாள் வரும். அன்று ஓடிய நேரமே அவருடைய ஆயுளின் கடைசிச் சாதனையாக இருக்கும். அது கடைசி என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது. அதன் பின் வயது ஏறும், நேரமும் ஏறும். எண்ணுக்காக மட்டும் ஓடியவர் அன்றோடு ஏழையாகிறார். பொறுமை, தன்னடக்கம், சொன்ன நேரத்துக்கு எழுதல், வலியை முணுமுணுக்காமல் தாங்குதல் இவற்றை அந்த மேடுகளில் சேர்த்து வைத்தவரோ, கால் தளர்ந்த பின்பும் அவற்றை வைத்துப் பிழைப்பார். நோயாளியான தாயின் படுக்கையருகே இராத்திரி விழித்திருக்கவும், கோபம் வந்த வேளையில் நாவை அடக்கவும் அதே பலந்தான் வேண்டும்.

ஆகவே நம் நாற்பத்தாறு வயது நண்பர் கடற்கரையில் கண்ணீர் விட்டது தவறல்ல. தாராளமாகச் சந்தோஷப்படட்டும். ஆனால் அவர் உண்மையில் நன்றாக ஓடினாரா என்பதை நான் முடிவுக் கோட்டில் பார்க்க மாட்டேன். அன்று மாலை அவர் வீட்டு வாசலில் பார்ப்பேன். கதவைத் திறந்த மனைவியிடம் முதலில் தம் நேரத்தைச் சொல்லட்டும்; அவளுக்கும் அது சந்தோஷமே. சொல்லி முடித்த பின், பதக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ‘நீ உட்கார், இன்றைக்கு நான் பாத்திரம் கழுவுகிறேன்’ என்று சொல்வாரா?

சொன்னாரென்றால், அந்த 1 மணி 58 நிமிடமும் வீண் போகவில்லை. நம் வீடுகளிலும் இன்றிரவு இதைச் சோதித்துப் பார்க்கலாம். அதற்குக் கடிகாரம் வேண்டியதில்லை.