துளசிக்கு நீர்: நியமமும் பருவமும்

சூரியன் மேஷ ராசியில் புகும் நாளில், ஏப்ரல் 14-ஐ ஒட்டி, ஒடிசாவில் புத்தாண்டு பிறக்கிறது. பணா சங்கராந்தி என்பது அதன் பெயர். அன்று வீட்டு முற்றத்துத் துளசி மாடத்துக்கு மேலே, அடியில் சிறு துளையிட்ட மண்பானை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பசுந்தரா டேக்கி எனப்படும் அந்தப் பானையிலிருந்து வைசாக மாதம் முழுவதும் செடியின் மேல் நீர் சொட்டிக்கொண்டிருக்கும். பானை வற்றாமல் பார்த்துக்கொள்வது வீட்டாரின் பொறுப்பு. வங்காள வைணவர்களிடமும் இந்த வழக்கம் உண்டு. தமிழ் நாட்காட்டியில் சித்திரை பிறந்து இளவேனில் தொடங்குவதும் இதே வேளையில்தான்.

ஆண்டின் மற்ற நாட்களில் துளசிக்குரிய நியமம் எளியது: காலையில் நீராடி, ஒரு செம்பு நீர் ஊற்றி, வலம்வந்து வணங்குவது. இளவேனில் வந்ததும் இந்த அளவு மாறுகிறது. செம்பு போதாது, பானை வேண்டும். ஒரு வேளை போதாது, நாள் முழுவதும் வேண்டும். இந்த மாற்றம் யாருக்காக? தெய்வத்துக்கா, செடிக்கா, ஊற்றுபவருக்கா?

செடியின் பக்கத்தை முதலில் பார்க்கலாம். துளசி வெப்பநாட்டுச் செடி. வட இந்தியக் குளிரில் அதன் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும், இலை உதிரும், வேர் குறைவாகவே நீர் எடுக்கும். அப்போது தினமும் செம்பு நிறைய ஊற்றினால் மண் ஈரம் காயாமல் வேர் அழுகும். பக்தி மிகுந்த வீடுகளில் துளசி மார்கழியிலும் தையிலும் பட்டுப்போவதற்குப் பனியோடு இந்தச் செம்புக்கும் பங்கு உண்டு. மார்ச் மாதத்தில் வெயில் ஏறியதும் நிலைமை தலைகீழாகிறது. புதுத் தளிர் விடும், இலைப்பரப்பு பெருகும். வேர் எடுக்கும் நீரில் மிகப் பெரும்பகுதி இலை வழியே ஆவியாகவே வெளியேறுகிறது என்பதால், இலையும் வெயிலும் கூடக்கூட நீர்த்தேவையும் கூடும். சிறிய மாடத்து மண் ஒரே பகலில் காய்ந்துவிடும். சொட்டுநீருக்கு இங்கே ஒரு தனிச் சிறப்பு உண்டு: மண் குடிக்கும் வேகத்திலேயே அது விழுவதால் வழிந்தோடி வீணாவதில்லை.

இந்த வழக்கத்துக்கு மரபு தரும் விளக்கங்களுள் முதலாவது உபசாரம். துளசி தேவி; திருமாலுக்கு உகந்தவள். கோடையில் அவளுக்கும் வெம்மை உண்டு என்று பாவித்துக் குளிர்விப்பது அடியாரின் அன்பு. தமிழகச் சிவாலயங்களில் அக்கினி நட்சத்திர நாட்களில் லிங்கத்துக்கு மேலே தாரா பாத்திரம் கட்டுவதும் இதே பாவனைதான். திருவண்ணாமலையில் இந்தத் தாராபிஷேகம் பெயர்பெற்றது. ஆனால் எதுவும் குறையாத நிறைபொருளுக்கு வெயில் சுடுமா என்ற வினா உடனே எழும். பக்தி நெறி இதற்கு வெட்கப்படுவதில்லை. இறைவனுக்குத் தேவையில்லை என்பது தெரிந்தே செய்யப்படுவதால்தான் அது அன்பு, வணிகமன்று என்பது அதன் மறுமொழி.

இரண்டாவது விளக்கம் தானம். வைசாக மாதத்தின் பெருமையைக் கூறும் ஸ்காந்த புராணப் பகுதி தண்ணீர்ப் பந்தல், குடை, விசிறி, செருப்பு ஆகியவற்றின் தானத்தைப் புகழ்கிறது. எல்லாம் வெயிலில் தவிக்கும் உயிருக்கானவை. செடியை இந்தத் தவிக்கும் உயிர்களின் வரிசையில் சேர்க்கலாமா? சேர்க்கலாம் என்பதற்கு மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் வலுவான வாதம் இருக்கிறது. மரத்துக்குப் புலன்கள் இல்லை என்று ஐயுறும் பரத்துவாசருக்குப் பிருகு முனிவர் விடை சொல்கிறார்: வெப்பத்தில் இலை வாடுவதால் அதற்குத் தொடுவுணர்வு உண்டு, இடியோசையில் பூவும் காயும் உதிர்வதால் அது கேட்கிறது, தாமரைத் தண்டால் நீரை உறிஞ்சுவதுபோல வேரால் குடிப்பதால் சுவையும் அறிகிறது. இன்றைய தாவரவியல் இந்த முடிவுகளை அப்படியே ஏற்காது. எனினும் கண்ணால் கண்டதிலிருந்து தொடங்கும் அந்த முறை மதிக்கத்தக்கது. தொல்காப்பிய மரபியல் இவ்வளவு தூரம் போவதில்லை. புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மட்டும் கொண்ட ஓரறிவுயிராக வகுக்கிறது. வாடுவதை உணர அந்த ஓரறிவே போதும்.

செடியும் உயிர் என்று ஒப்புக்கொண்டால் புதுச் சிக்கல் ஒன்று முளைக்கிறது. சமணத்தில் செடி மட்டுமன்றி நீரும் ஓரறிவு உயிர்களின் உடலே. பௌத்த விநயத்தில், உயிரிகள் உள்ளதென்று தெரிந்த நீரைப் புல்லிலோ மண்ணிலோ ஊற்றுவது பிக்குவுக்குக் குற்றம். ஓர் உயிரைக் காக்க வேறு உயிர்களை எவ்வளவு செலவிடலாம் என்ற கேள்வி இங்கே தவிர்க்க முடியாதது. தேவைக்கு மேல் ஊற்றுவது வெறும் விரயமன்று, அது இம்சையும்கூட என்ற முடிவுக்கு இந்த நோக்கு இட்டுச்செல்கிறது. அளவறிந்து ஊற்றுவதற்கு இதைவிடக் கறாரான அறக் காரணம் வேறு நெறிகளில் எளிதில் கிடைக்காது.

மூன்றாவது விளக்கம் ஊற்றுபவரைப் பற்றியது: நாள்தோறும் செய்வதால் மனம் பண்படும் என்பது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மனம் பண்பட ஒரு செம்பே போதும். சித்திரையில் பானை ஏன் என்பதற்கு இதில் விடையில்லை.

விதிக்கும் தேவைக்கும் இடையிலான இழுபறி நன்றாகத் தெரிவது வேறொரு வழக்கத்தில். வட இந்திய வீடுகள் பலவற்றில் ஞாயிறன்றும் ஏகாதசியன்றும் துளசிக்கு நீர் ஊற்றுவதில்லை. அன்று அவள் விரதம் இருக்கிறாள் என்பார்கள். குளிர்காலத்தில் இந்த ஓய்வு செடிக்கு நல்லது. மண் காய இடம் தருகிறது. மே மாதத்துச் சிறு தொட்டியில் அதே ஓய்வு செடியைக் கொன்றுவிடக்கூடும். முந்தைய நாள் மாலையில் மண்ணை ஆழ நனைத்து வைத்தால் விரதமும் கெடாது, செடியும் பிழைக்கும்.

இப்படிச் செய்வது விதியை வளைப்பதாகாது. வேதச் சடங்குகளுக்கே பருவம் விதிக்கப்பட்டிருக்கிறது. சோம வேள்விக்கு உரியது வசந்தம். பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயம் உயர்ந்த தானத்துக்கு இடம், காலம், பெறுபவரின் தகுதி மூன்றையும் அளவுகோலாக வைக்கிறது. பருவம் பார்த்து அளவை மாற்றுவது விதிக்கு உள்ளேயே இருக்கும் கட்டளை. பார்க்காமல் ஊற்றுபவர் நியமத்தில் பாதியைத்தான் செய்கிறார்.

இந்த அளவுகோலால் பசுந்தரா டேக்கியையும் நிறுத்துப் பார்க்கலாம். தொடங்கும் நாளை அது மிகச் சரியாகப் பிடித்திருக்கிறது. முடியும் நாள்தான் இடிக்கிறது. வைசாக மாதம் மே நடுவில் முடிந்துவிடும். ஒடிசாவுக்குத் தென்மேற்குப் பருவமழை ஜூன் நடுவை ஒட்டியே வந்து சேரும். இடைப்பட்ட நான்கு வாரமும் கடும் வெயில்தான். மாதம் முடிந்ததென்று பானையை இறக்கும் வீட்டார், மழை இறங்கும்வரை கையாலாவது காலையும் மாலையும் நீர் விட வேண்டும்.